விலை உயர்ந்த எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகும் முன்: மதுரைப் பக்கத்துக் கலைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

“அண்ணே, ஃபெண்டர் வாங்கவா, கிப்சன் வாங்கவா?” என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் தம்பிகளிடம் நான் எடுத்தவுடன் கிட்டாரைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கே வாசிக்கிறீர்கள், எவ்வளவு நேரம் நின்றபடி வாசிக்கிறீர்கள், அந்த இடத்தில் மின்சாரம் எப்படி, வீட்டில் கிட்டாரை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று நான்கு கேள்விகளைக் கேட்டு முடித்த பிறகே கருவியின் பெயருக்கு வருவேன். ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டிய கிட்டார்களில் மட்டமானது என்று ஒன்றைக் காட்டுவது கடினம். உங்கள் கைக்கும் மேடைக்கும் மதுரை வெயிலுக்கும் ஒத்துவராத கிட்டார் மட்டும் அந்த விலையிலும் நிறையவே உண்டு. ஐந்தாறு ஆண்டுகள் சாதாரணக் கிட்டாரில் பழகிவிட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு முதன்முறையாக உயர்தரக் கருவி வாங்கப் போகிறவர்கள் அந்தப் பொருத்தத்தை எப்படிப் பார்த்தறிவது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

என்னுடைய முதல் விலை உயர்ந்த கிட்டாரை நான் காதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தேன். குளிரூட்டப்பட்ட ஒரு கடையில், அங்கிருந்ததிலேயே பெரிய ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) இணைத்து வாசித்தபோது மணி போல ஒலித்தது. அன்றே பணத்தைக் கட்டிவிட்டேன். அடுத்த பங்குனியில் மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரிக்கு அதை எடுத்துச் சென்றேன். மேடையைச் சுற்றிச் சீரியல் செட் விளக்குகள், பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் வரிசையாக ட்யூப் லைட். பாட்டின் அமைதியான இடங்களில் எல்லாம் கிட்டாரிலிருந்து ‘ங்ங்ங்’ என்று விடாத இரைச்சல் எழுந்துகொண்டே இருந்ததால், மைக் செட் பார்த்தவர் மூன்றாவது பாட்டிலேயே என் சேனலைப் பாதிக்கு இறக்கிவிட்டார். கிட்டாரில் ஒரு குறையும் இல்லை. நான் வாசிக்கப்போகும் இடத்தைப் பற்றி யோசிக்காமல் வாங்கியதுதான் குறை.

முதற்படி: வாசிக்கும் இடத்தைத் தாளில் எழுதுங்கள்

நம் ஊரில் எலக்ட்ரிக் கிட்டார் பெரும்பாலும் தேவாலய ஆராதனை, மெல்லிசைக் குழு, கல்லூரி விழா, வீட்டிலேயே செய்யும் ஒலிப்பதிவு ஆகிய நான்கு இடங்களில் ஒலிக்கிறது. இவற்றில் உங்களுக்கு எது முக்கால்வாசி, எது கால்வாசி என்பதை நேர்மையாக எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ராக் இசை வாசிப்பதற்காக ராக் கிட்டார் வாங்கிவிட்டு, ஞாயிறுதோறும் ஆராதனையில் அதோடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. வாசிக்கும் பாட்டுகள் என்ன, அவற்றில் தெளிவான, கலப்பில்லாத ஒலி எவ்வளவு, டிஸ்டார்ஷன் எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பைத் தீர்மானிக்க இந்தத் தாள் வேண்டும்.

இரண்டாம் படி: பிக்கப்

ஒலியின் குணத்தைப் பெருமளவு தீர்மானிப்பது பிக்கப் என்பதால் இதில் அவசரப்பட வேண்டாம். சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒரே கம்பிச் சுருள். கிட்டார் கம்பியின் அதிர்வை அது எப்படி மின்சைகையாக மாற்றுகிறதோ, அப்படியே சுற்றியுள்ள வயர்களும் டிரான்ஸ்பார்மர்களும் விளக்குகளும் உமிழும் 50 ஹெர்ட்ஸ் மின்காந்தப் புலத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. மேலூரில் என்னைப் படுத்தியது அதுதான். இதைத் தீர்க்கவே கிப்சன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சேத் லவர் 1950-களின் நடுவில் ஹம்பக்கரை உருவாக்கினார். அதில் இரண்டு சுருள்களும் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும்; காந்த முனைகளும் எதிரெதிராக இருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து அழிய, கம்பியின் ஒலி மட்டும் கூட்டாகிறது. அதனால்தான் ஹம்பக்கரின் ஒலி தடித்தும் கனத்தும் வருகிறது; சிங்கிள் காயிலில் கேட்கும் கண்ணாடி போன்ற கூர்மை அதில் சற்றுக் குறைகிறது.

ஃபெண்டர் செய்த கிட்டார்களில் 1951-இல் டெலிகாஸ்டர் என்ற பெயரைப் பெற்றதும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் (சுருக்கமாக ஸ்ட்ராட்) சிங்கிள் காயில் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1952-இல் வந்த கிப்சனின் லெஸ் பால் 1957 முதல் ஹம்பக்கரோடு வருகிறது. பி.ஆர்.எஸ். (பால் ரீட் ஸ்மித்) கிட்டார்கள் பலவற்றில் ஹம்பக்கரும், அதைப் பிரித்து ஒற்றைச் சுருளாக்கும் சுவிட்சும் சேர்ந்தே இருக்கும். திருவிழா மேடையும் மண்டபமும் உங்கள் தாளில் முக்கால்வாசி என்றால் ஹம்பக்கர் பக்கம் சாயுங்கள். அல்லது இரைச்சல் அடங்கிய ‘நாய்ஸ்லெஸ்’ வகைப் பிக்கப் பொருத்திய ஸ்ட்ராட்டைத் தேடுங்கள். ஆராதனையும் ஒலிப்பதிவும் முக்கால்வாசி என்றால் சிங்கிள் காயிலின் தெளிவு விலைமதிப்பற்றது. இன்றைய பெரும்பாலான ஸ்ட்ராட் மாடல்களில் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருப்பதால் சுவிட்சின் 2-ஆவது, 4-ஆவது நிலைகளில் இரைச்சல் அடங்கிவிடும். ஒரு பிக்கப், இரண்டு பிக்கப் என்று கலந்து வாசிக்கப் பழகிக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் நகர முடியாது. கிட்டாரின் கம்பிகள் உள்ளே எர்த்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத பழைய வீட்டு ப்ளக்கிலோ, அவசரத்துக்கு எர்த் பின்னை உடைத்துவிட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ ஆம்பைச் செருகி, கம்பியைத் தொட்டபடி உதட்டை மைக்கில் வைத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். இரைச்சல் தொல்லைக்குப் பிக்கப்பை மாற்றுவதற்கு முன் வீட்டு எர்த்தை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். அந்தச் செலவு கிட்டாரைவிட முக்கியமானது.

மூன்றாம் படி: கைக்கு ஏற்ற அளவுகள்

ஸ்கேல் நீளம் என்பது, தலைப்பக்கத்தில் கம்பிகள் ஊன்றும் நட்டிலிருந்து, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் சேடில் வரை கம்பி அதிரும் நீளம். ஃபெண்டரில் அது 25.5 அங்குலம், கிப்சனில் 24.75 அங்குலம், பி.ஆர்.எஸ்.-இன் பெரும்பாலான மாடல்களில் 25 அங்குலம். முக்கால் அங்குலம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஒரே தடிமனுள்ள கம்பியை ஒரே சுருதிக்குக் கூட்டும்போது, நீளமான ஸ்கேலில் இழுவிசை ஏறத்தாழ 6 சதவீதம் கூடும். கம்பியை இழுத்து வாசிக்கும்போது விரல் நுனிக்கு அது நன்றாகவே தெரியும். நம் பாட்டுகளின் கமகங்களையும் பிடிகளையும் கிட்டாரில் கொண்டுவர விரும்புகிறவர்கள், கம்பி இழுப்பையே பிழைப்பாகக் கொண்டவர்கள், குட்டையான ஸ்கேலை ஒருமுறையாவது வாசித்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

குறுக்கே ஃப்ரெட் எனும் உலோகக் கட்டைகள் பதித்த, விரல் வைக்கும் பலகையான ஃப்ரெட் போர்டின் வளைவும் இதே அளவுக்கு முக்கியம். பழைய பாணி ஃபெண்டர்களில் அந்த வளைவு 7.25 அங்குல ரேடியஸ், இன்றைய ஃபெண்டர்களில் பெரும்பாலும் 9.5, பி.ஆர்.எஸ்.-இல் 10, கிப்சனில் 12. எண் கூடக் கூடப் பலகை தட்டையாகும். வளைவு அதிகமான பலகை சுரக்கூட்டுகளை (கார்டு) பிடிக்க இதமாக இருக்கும். ஆனால் ஃப்ரெட்டிலிருந்து கம்பி நிற்கும் உயரமான ஆக்‌ஷனைத் தாழ்த்தி வைத்துவிட்டு மேல் ஃப்ரெட்டுகளில் ஒரு முழுச் சுரம் இழுத்தால், கம்பி வேறொரு ஃப்ரெட்டில் முட்டி ஒலி செத்துவிடும். கமகம் இழுக்கும் கைக்கு 9.5 அல்லது அதற்கு மேற்பட்ட ரேடியஸும் உயரமான ஃப்ரெட்டுகளும் ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசித்துக் காட்டிய ஆர். பிரசன்னாவைக் கேட்டவர்களுக்கு, ஃப்ரெட் உள்ள கருவியிலும் கமகத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பது தெரியும்.

நெக்கின் (கழுத்தின்) பருமனைப் பற்றி எழுதிப் புரியவைக்க முடியாது. பிடித்துப் பார்த்தால் பத்து நொடியில் கையே சொல்லிவிடும்.

நான்காம் படி: எடையும் பிரிட்ஜும்

லெஸ் பால் கிட்டார்கள் பொதுவாக 4 கிலோவைச் சுற்றியிருக்கும், சில 4.5 கிலோவையும் தொடும். ஸ்ட்ராட்டுகள் பெரும்பாலும் மூன்றரைக் கிலோ அளவில் நிற்கும். கடையில் நாற்காலியில் அமர்ந்து இருபது நிமிடம் வாசிக்கும்போது இந்த வேறுபாடு தோளுக்குத் தெரியாது. இரவு 9 மணிக்குத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும் கச்சேரியில், இரண்டாவது மணி நேரத்தில் இடது தோள்பட்டை அதை நினைவுபடுத்தும். பயணப் பைகளை நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்ட்ராப் மாட்டும் பொத்தானில் வாரைக் கட்டி, விழுந்துவிடாதபடி ஒரு கையைத் தாங்காமல் அருகில் வைத்துக்கொண்டு நிறுத்துவிடலாம். கிப்சனின் எஸ்.ஜி. போன்ற மெல்லிய உடல் கொண்ட கிட்டார்கள் எடை குறைவானவை என்றாலும், கையை விட்டால் தலைப்பக்கம் கீழே சாயும் வழக்கம் சிலவற்றுக்கு உண்டு. நின்றபடி கையை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரிட்ஜைப் பொறுத்தவரை, பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்ற வேண்டியவர்களும் மேடையில் ஒரே கிட்டாரை வைத்துச் சமாளிப்பவர்களும் அசையாத பிரிட்ஜை எடுப்பது நல்லது. ஃபிளாய்ட் ரோஸ் போல மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். பாட்டின் நடுவே அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஐந்தாம் படி: மரமும் மதுரை வெயிலும்

எந்த மரம் எந்த ஒலியைத் தரும் என்ற வாதத்தில் இங்கே நான் இறங்கப்போவதில்லை; வாங்குகிறவருக்கு அதைவிட அவசரமானது மரம் வெயிலைத் தாங்குமா என்பது. சித்திரை, வைகாசியில் மதுரையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரம் குறைந்துவிடும். மரம் ஈரத்தை இழந்து சுருங்கும், உலோகமான ஃப்ரெட் சுருங்காது. விளைவாக ஃப்ரெட்டின் முனைகள் நெக்கின் ஓரத்தில் ஊசிபோல வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஐப்பசி மழையில் அதே மரம் ஈரத்தைக் குடித்து உப்பும்போது நெக்கின் வளைவு மாறி, ஆக்‌ஷனும் மாறும். விலை எவ்வளவு கொடுத்தாலும் மரம் மரம்தான். எனவே வறுத்த மேப்பிள் நெக் உள்ள மாடல் உங்கள் பட்டியலில் இருந்தால் அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். வெப்பத்தில் பதப்படுத்தப்பட்ட அந்த மரம் ஈரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு அவ்வளவாக அசைந்துகொடுப்பதில்லை. வியர்வைக் கைக்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட் மிகவும் உகந்தது. அது அரிக்காது, எளிதில் தேயாது. தேய்ந்த ஃப்ரெட்டுகளை மாற்றுவதற்காக என் கிட்டார் ஒன்றைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு ஒன்றரை மாதம் காத்திருந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உலகெங்கும் உயர்தரக் கிட்டார்களின் ஃப்ரெட் போர்டாகப் பயன்படும் இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான்; தோதகத்தி என்றும் சொல்வோம். அமெரிக்காவில் செய்த கிட்டாரைத் தடவும்போது நம் மலையின் மரத்தைத் தடவுகிறோம் என்பது எனக்கு எப்போதும் ஒரு தனி மகிழ்ச்சி. ஈட்டியும் கருங்காலியும் கொண்ட ஃப்ரெட் போர்டுகளுக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை எண்ணெய் பூச வேண்டும். பூச்சு உள்ள மேப்பிள் போர்டுக்கு அது தேவையில்லை.

பூச்சையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கிப்சன் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைப் பயன்படுத்துகிறது. சில ஸ்டாண்டுகளின் ரப்பரும் நுரையும் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பூச்சு இளகிக் கறைபடும். பாலியூரித்தேன் பூச்சு அந்த அளவுக்கு மென்மையானதல்ல. நைட்ரோ பூச்சுள்ள கிட்டாரை ஸ்டாண்டில் வைப்பதானால், ரப்பர் மேல் பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 2 லட்சம் இருந்தால் 2 லட்சத்துக்கும் கிட்டார் வாங்கிவிடாதீர்கள். சிறிய பயிற்சி ஆம்பில் இணைத்த பெரிய கிட்டார் அந்தச் சிறிய ஆம்பின் ஒலியைத்தான் தரும். கால்வாசிப் பணத்தையாவது ஆம்புக்கோ, மண்டபத்தின் மிக்சரில் நேராக இணைக்கக்கூடிய மாடலிங் கருவிக்கோ, நல்ல கேஸுக்கோ, கிட்டாரை உங்கள் கைக்கு ஏற்பச் சரிசெய்யும் முதல் செட்டப்புக்கோ ஒதுக்குங்கள். இதனால் கிட்டாரில் ஒரு படி இறங்க நேர்ந்தால் தயங்காமல் இறங்கலாம். ஃபெண்டரின் அமெரிக்க வரிசை கலிபோர்னியாவின் கொரோனாவிலும், அதற்கு அடுத்த வரிசை மெக்சிகோவின் என்செனாடாவிலும் செய்யப்படுகின்றன, பி.ஆர்.எஸ்.-இன் கோர் வரிசை அமெரிக்காவின் மேரிலாந்தில் உருவாகிறது, எஸ்.இ. வரிசை இந்தோனேசியாவில். ஐபனெஸின் பிரெஸ்டீஜ் வரிசை ஜப்பானில் செய்யப்படுவது. வேலைப்பாட்டில் அதை நான் எந்த அமெரிக்கக் கிட்டாருக்கும் கீழே வைக்கமாட்டேன். நாடு மாறும்போது விலை பாதியாகலாம், தரம் பாதியாவதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பாவிடம் சொல்லிவிடுபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். வரம்பு தாண்டிய பொருளுக்கு விமான நிலையத்தில் சுங்க வரி உண்டு என்பதால், அங்கே கொடுத்த விலையோடு அதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். கிட்டாருக்கு வோல்டேஜ் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே வாங்கும் ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதாக இருந்தால், நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகிய நொடியே கெட்டுவிடும்.

ஏழாம் படி: கடைக்குப் போகும் நாள்

நான் ஏறி இறங்கிய மதுரைக் கடைகளில் தொடக்க நிலைக் கிட்டார்கள்தான் அதிகம். இந்த விலையில் ஒரே மாடலில் இரண்டு மூன்றை வைத்து ஒப்பிட வேண்டுமானால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போயாக வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிந்ததும் எழும்பூர். ஆனால் தூங்காத கண்ணோடு நேராகக் கடைக்குப் போகாதீர்கள், காது களைத்திருக்கும். குளித்து, சாப்பிட்டு, கூட்டம் சேராத முற்பகலில் போங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் பிக், உங்கள் ஸ்ட்ராப், கைப்பேசியில் ட்யூனர், 15 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல், ஒரு விசிட்டிங் கார்டு, கொக்கித் தராசு ஆகியவை பையில் இருக்கட்டும். என்ன வாசிப்பது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். ஒரு மெல்லிசைப் பாட்டின் இடையிசை, ஒரு ரிதம் பகுதி, நீளமான கம்பி இழுப்புள்ள ஒரு துண்டு போதும். எல்லாக் கிட்டாரிலும் அதே மூன்றையே வாசித்தால்தான் ஒப்பீடு.

முதலில் ஆம்பில் இணைக்காமல் வாசியுங்கள். இந்த ஒரு பழக்கம் கடையில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. நானும் நெடுநாள் கழித்தே கற்றேன். ஆம்பும் ரிவர்பும் எல்லாக் குறையையும் மெழுகிவிடும். வெறும் கிட்டாரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஒரே விசையில் மீட்டிக்கொண்டு போங்கள். 6 கம்பிகள், ஏறத்தாழ 22 ஃப்ரெட்டுகள், பத்து நிமிட வேலை. ஏதாவது ஓர் இடத்தில் சுரம் மற்றவற்றைவிடச் சட்டென்று மடிந்தால் அது செத்த இடம். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் இடத்தில் அப்படி ஒன்று இருந்தால் அந்தக் கிட்டாரை வைத்துவிடுங்கள், எந்தச் செட்டப்பும் அதை மாற்றாது. எங்கோ ஓர் இடத்தில் மட்டும் ‘கிர்ர்’ என்று உரசினால் அங்கே ஒரு ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. கழுத்து முழுதும் உரசினால் ஆக்‌ஷன் தாழ்வாக இருக்கலாம், சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்து நெக். ஆறாவது கம்பியை இடக்கையால் முதல் ஃப்ரெட்டிலும் வலக்கையின் சுண்டுவிரலால் நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, வலது கட்டைவிரலை நீட்டி ஏழாவது ஃப்ரெட்டின் மேல் கம்பியை மெல்லத் தட்டுங்கள். ‘டிக்’ என்ற சிறிய ஒலியோடு கம்பி இறங்கி ஃப்ரெட்டைத் தொட வேண்டும். அந்த இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவில் இருப்பது நல்லது. விசிட்டிங் கார்டைச் செருகினால் உரசிக்கொண்டு போகும் அளவு. இடைவெளியே இல்லை என்றாலோ, இரண்டு கார்டு தாராளமாக நுழைந்தாலோ, நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதன் உள்ளே இருக்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருப்பி உங்கள் கண்முன்னே சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். சரியாகிவிட்டால் குறையில்லை. ராடு திரும்ப மறுத்தால் அந்தக் கருவியே வேண்டாம்.

பிறகு 12-ஆவது ஃப்ரெட்டில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி ஆக்‌ஷனைப் பாருங்கள். ஆறாவது கம்பி 2 மி.மீ. அளவிலும் முதல் கம்பி அதைவிடத் தாழ்ந்தும் இருந்தால் நல்ல தொடக்கம். முதல் கம்பியை 12, 15, 17 ஆகிய ஃப்ரெட்டுகளில் ஒரு முழுச் சுரம் இழுத்து நிறுத்துங்கள். ஒலி நீண்டு கரைய வேண்டும், நெரிபடக் கூடாது. இழுத்து விட்ட பின் சுருதியைப் பாருங்கள். ட்யூனிங் கீயைத் திருப்பும்போது நட்டில் ‘பிங்’ என்று சத்தம் கேட்டால், கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது. சிறிய வேலைதான், ஆனால் வாங்கும் முன் கடைக்காரரே செய்து தரட்டும். கடைசியாக, கையை நெக்கின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக வழுக்கவிடுங்கள். குளிர்ந்த கடையிலேயே ஃப்ரெட் முனை உள்ளங்கையைக் கீறினால், வைகாசியில் அது உங்கள் வீட்டில் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிப்சன் பார்க்கும்போது நட்டின் பின்புறத்தை வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாலும், ட்ரஸ் ராடுக்காக அங்கே மரம் குடையப்பட்டிருப்பதாலும், கீழே விழுந்தால் முதலில் உடைவது அந்த இடம்தான். மயிரிழை போன்ற கோடு தெரிந்தாலும் விடாமல் விசாரியுங்கள். பழைய கிட்டார் வாங்குகிறவர்களுக்கு இது மிக முக்கியம்.

இப்போது ஆம்பில் இணைக்கலாம். எஃபெக்ட், ரிவர்ப் எதுவும் இல்லாமல், ஆம்பின் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். இரண்டு கிட்டார்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். சத்தம் கூடிய கிட்டார் நல்ல கிட்டாராகத் தோன்றுவது எல்லாக் காதுக்கும் நேரும் மயக்கம். வால்யூமைப் பாதியாகக் குறைத்தும் வாசியுங்கள், ஒலி மந்தமாகிறதா என்று பாருங்கள். சிங்கிள் காயில் என்றால் கம்பிகளைக் கையால் அடக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். திசைக்குத் திசை இரைச்சல் ஏறி இறங்கும். எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கேட்டுக்கொண்டால் உங்கள் மேடையில் என்ன நேரும் என்று ஊகிக்கலாம். எல்லாம் முடிந்த பின் ஸ்ட்ராப்பை மாட்டி, அரை மணி நேரம் நின்றபடியே வாசியுங்கள்.

திருமங்கலத்திலிருந்து என்னிடம் பயின்ற ஒரு தம்பியோடு ஒருமுறை சென்னைக்குப் போயிருந்தேன். ஒரே மாடல், ஒரே ஆண்டு, நிறம் மட்டும் வேறான இரண்டு ஸ்ட்ராட்டுகள். நீல நிறத்தின் மேல் அவருக்கு ஆசை. கண்ணை மூடச் சொல்லி, நான் மாற்றி மாற்றிக் கையில் கொடுத்தேன். நான்கு முறையும் ஒரே கிட்டாரைப் பிடித்தபோதுதான் அவருடைய தோள்கள் இறங்கின, விரல்கள் தாமாகவே வேகம் பிடித்தன. நிறுத்துப் பார்த்தால் அது மற்றதைவிட 400 கிராம் குறைவு. நெக்கின் பின்புறமும் சற்று மெலிந்திருந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் கையில் இருந்தது வெள்ளை. அதையே வாங்கினார். ஒரே மாடலுக்குள்ளும் மரத்துக்கு மரம் இவ்வளவு வேறுபாடு உண்டு என்பதால், இணையத்தில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்பதை உறுதி செய்துகொண்டே வாங்குங்கள். பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் காணொளியாக எடுத்து வையுங்கள்.

எவற்றைப் பிறகு மாற்றலாம், எவற்றை மாற்ற முடியாது என்பதை மனத்தில் பிரித்து வைத்துக்கொண்டால் கடையில் குழப்பம் வராது. ஆக்‌ஷன், நெக்கின் நேர்த்தி, 12-ஆவது ஃப்ரெட் சுருதி, பிக்கப்பின் உயரம், கம்பியின் தடிமன் எல்லாம் செட்டப்பில் சரியாகிவிடும். பிக்கப்பையே கூட மாற்றலாம். எடை, ஸ்கேல், நெக்கின் வடிவம், முறுக்கிய நெக், செத்த இடம் ஆகியவற்றோடு நீங்கள் வாழ்நாள் முழுதும் வாழ வேண்டும். நான்கு லட்சம் ரூபாய்க் கிட்டாரை ஆக்‌ஷன் உயரம் என்பதற்காக ஒதுக்கியவரையும், முறுக்கிய நெக்கைப் பிக்கப்பின் அழகுக்காகப் பொறுத்துக்கொண்டவரையும் பார்த்திருக்கிறேன், இருவருக்காகவும் வருந்தினேன்.

போலிகள் பற்றி

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், நம்ப வேண்டாம். கிப்சனின் போலிகள் நிறையவே புழங்குகின்றன. தலைப்பகுதியில் உள்ள ட்ரஸ் ராட் மூடியை அசல் கிப்சனில் பொதுவாக இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும். போலிகளில் பெரும்பாலும் மூன்று. மூடியைக் கழற்றினால் அசலில் அறுகோணப் பித்தளை நட் தெரியும். போலியில் ஆலன் கீ நுழையும் குழி இருக்கும். சந்தேகம் இருந்தால் சீரியல் எண்ணைப் படமெடுத்து நிறுவனத்துக்கே அனுப்பிக் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் உத்தரவாதம் கேட்க முடியாது என்பதால் பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

குளிர்ந்த கடையிலிருந்தோ ஏ.சி. பெட்டியிலிருந்தோ வந்த கிட்டாரை உடனே திறக்காமல், கேஸோடு நிழலான அறையில் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். மாட்டுத்தாவணியில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட வெயிலில் நிற்கும் காருக்குள் அதை வைக்க வேண்டாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையைத் தவிர்த்து, வீட்டிலேயே குளிர்ந்த அறையில், வெளிச்சுவரில் தொங்கவிடாமல் கேஸுக்குள் வையுங்கள். சிறிய ஈரமானி ஒன்றைக் கேஸில் போட்டு வைத்தால், 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கோடையில் குறைந்தால் கிட்டாருக்கென்று விற்கும் ஈரப்பதக் குழாயும், அடைமழையில் கூடினால் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். வாசித்து முடித்ததும் கம்பிகளையும் பிரிட்ஜையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

மதுரைக் காற்றுக்கு நெக் பழகுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை எதையும் திருப்பாதீர்கள். மூன்றாவது வார முடிவில் விசிட்டிங் கார்டை எடுத்து அதே ஏழாவது ஃப்ரெட்டில் மறுபடியும் செருகிப் பாருங்கள். இடைவெளி மாறியிருந்தால் அப்போது முதல் செட்டப்பைச் செய்துகொள்ளுங்கள். ஃப்ரெட் முனைகள் வெளியே வந்திருந்தால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் கடைக்குப் படத்தோடு எழுதிவிடுங்கள்.